கப்பலும் கரையும்: திருகோணமலைக் கடற்கரைப் புனைவுகளில் வேடர் நிலம்

பழங்குடி மக்களின் அடையாளத்தையும் அவர்தம் மூதாதையர் நிலத்தையும் பொருளாகக் கொண்ட அற்புதப் புனைவுத் திரைப்படம் என்றவுடன் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது ஜேம்ஸ் கமரூனின் 'அவதார்' (2009) ஆகும். வேறொரு கோளுக்குச் சென்று கூறப்பட்ட அக்கதைக்கான மூலப்பொருள் நமக்கு மிக அண்மையில், திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவின் கரையிலேயே உள்ளது. மூதூர் கிழக்கிலிருந்து வெருகல் ஆறு வரையிலும், அதனைக் கடந்து வாகரை வரையிலும் தமிழ் பேசி வாழும் கரையோர வேடரையே இங்குக் கருதுகிறோம். இக்கரையை மையமாகக் கொண்டு நூலாகவும் திரைப்படமாகவும் சடங்காகவும் புனைவுகள் எழுந்துள்ளன. அவை எங்கிருந்து நின்று இந்நிலத்தை நோக்கின என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

1660ஆம் ஆண்டு, புயலில் பாய்மரத்தை இழந்த ஆங்கிலக் கப்பலொன்று கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்டது. அதன் தலைவரும் அவருடைய மகன் ரொபேர்ட் நொக்ஸும் கண்டி மன்னனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டனர். தந்தை சிறையிருப்பிலேயே இறந்தார். மகன் 1679இல் தப்பினார். 1681இல் இலண்டனில் வெளியான அவரது நூலில் வேடர் பற்றிய செய்திகளும், கையில் வில்லுடன் நிற்கும் 'காட்டு மனிதன்' ஒருவனின் சித்திரமும் இடம்பெற்றன. டானியல் டீஃபோ இந்நூலை நன்கறிந்தவர்; 'கப்டன் சிங்கிள்டன்' (1720) நாவலில் நொக்ஸின் கதையைச் சுருக்கியே கூறுகிறார். அதற்கு முந்திய ஆண்டில் வெளிவந்த 'ரொபின்சன் குரூசோ'வுக்கும் நொக்ஸின் அனுபவம் ஒரு தூண்டுதலாயிருந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆளில்லாத் தீவில் தனிமனிதன் ஒருவன் உடைமையாளனாகும் அக்கதையைப் பொருளியலாளர் எவ்வளவு விரும்பினர் என்பதை மார்க்ஸ் 'மூலதன'த்தில் எள்ளலுடன் சுட்டிக்காட்டுவார். முதலாளித்துவ யுகத்தின் பெரும் புனைவுகளுள் ஒன்றன் வேர் மூதூர்க் கரைவரை நீள்கின்றது என்பது நம் இலக்கிய வரலாற்றில் அதிகம் பேசப்படாத செய்தியாகும்.

ஆயினும் கப்பலிலிருந்து கரையை நோக்கும் பார்வையை ஐரோப்பியர்தாம் கொண்டுவந்தனர் என்று கூறித் தப்பிவிட முடியாது. மகாவம்சக் கதையில் விசயன் கப்பலில் வருகின்றான். மரத்தடியில் நூல் நூற்றுக்கொண்டிருக்கும் குவேனி கரையில் இருக்கின்றாள். அவளிடமிருந்து ஆட்சியைப் பெற்றபின் அவன் அவளைக் கைவிடுகிறான். அவள் மக்கள் மலைநாட்டுக்கு ஓடிப் புளிந்தராகின்றனர். நிலமிழந்தோரின் தோற்றக்கதையை நிலம் பெற்றோரே எழுதிவைத்துள்ளனர். தமிழ் மரபிலும் இதற்கு இணையுண்டு. கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டன் பூதங்களைக் கொண்டு கட்டுவித்தான் என்பது திருகோணமலை வாய்மொழி மரபு. மண் சுமந்தவர்கள் யாவர் என்ற கேள்விக்கு நம் ஐதீகம் அளித்த விடை, அவர்கள் பூதங்கள் என்பதே.

இப்பின்னணியில் 1962இல் வெளிவந்த 'ரன்முத்து தூவ' என்னும் சிங்களத் திரைப்படம் தனிக் கவனத்துக்குரியது. முழுநீள வண்ணப்படமாக வெளிவந்த முதற் சிங்களப் படம் இது. மைக் வில்சன் நெறிப்படுத்த, சேஷ பலிஹக்கார தயாரித்தார், காமினி பொன்சேகாவும் ஜோ அபேவிக்கிரமவும் நடித்தனர், அமரதேவ இசையமைத்தார். வில்சன் விஞ்ஞானப் புனைகதையாளர் ஆதர் சி. கிளார்க்கின் தோழர். இருவரும் 1956இல் இலங்கைக்கு வந்து கடலடி ஆய்வில் ஈடுபட்டனர். போர்த்துக்கேயர் 1620களில் இடித்த கோணேசர் கோயிலின் தூண்களும் கற்களும் சுவாமி மலையின் அடியில் கடலுக்குள் கிடப்பதை அவர்கள் கண்டனர். கிளார்க் 1957இல் வெளியிட்ட நூலில் அதனை விவரித்தார். சில ஆண்டுகளுக்கு முன்னர், 1950இல், கோயிலுக்கு அருகே கிணறு வெட்டும்போது சோழர் காலப் படிமங்கள் கிடைத்திருந்தன. மண்ணுக்கடியிலும் நீருக்கடியிலும் தொல்பொருள் வெளிப்பட்டுக்கொண்டிருந்த அச்சூழலிற்றான் திருகோணமலைக் கடலில் புதையல் தேடும் இவ்வீரசாகசக் கற்பனை பிறந்தது.

படத்தின் நீரடிக் காட்சிகளின் அழகை மறுப்பதற்கில்லை. தென்னிந்திய ஸ்ரூடியோக்களின் அட்டைக் கோட்டைகளிலிருந்து இலங்கைச் சினிமா விடுபட்டு இயற்கை வெளிக்கு வந்த காலத்தில், இக்கடலையே ஒரு பாத்திரமாக்கிய துணிவு அதற்குண்டு. ஆனால் 'புதையல்' என்ற கருத்தைச் சற்று நின்று நோக்க வேண்டும். புதையல் என்பது உரிமையாளர் அற்ற செல்வம். கண்டெடுப்பவன் வரும்வரை அது காத்துக்கிடக்கிறது. மூதாதையர் நிலம் புதையலாக மாறும்போது அந்நிலத்தோடு மாந்தர் கொண்ட உறவு மறைந்து, எடுத்துச் செல்லத்தக்க பொருள் மாத்திரம் எஞ்சுகிறது. கரையில் வாழ்வோர் அங்கு வழிகாட்டிகளாகவோ, காவலர்களாகவோ, பின்னணியாகவோதான் இருக்க முடியும்.

இது கலைஞர் ஒருவரின் தவறன்று. இதே புனைவு அதற்கு முன்பே சட்டமாக இருந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் உள்ள காணிகள் யாவும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியனவெனக் கருதப்படும் என்று விதித்தது. 1897இன் தரிசுநிலச் சட்டம் அதனை மேலும் இறுக்கியது. காட்டை எரித்துச் சேனை செய்து, சில ஆண்டுகள் காட்டுக்கே திருப்பிவிட்டு, மீண்டும் அங்கு வருபவனிடம் உறுதிப்பத்திரம் எங்கே இருக்கும்? தேன் எடுக்கும் மரம், களப்பில் நண்டு பிடிக்கும் இடம், வள்ளிக்கிழங்கு தோண்டும் காடு ஆகியவற்றின் மீதான உரிமை பயன்பாட்டாலும் நினைவாலும் நிலைபெறுவது. எழுத்தை மட்டும் அறிந்த சட்டத்தின் கண்ணில் அந்நிலம் வெறுமை. குரூசோவின் தீவும், 1840இன் சட்டமும், 1962இன் புதையற்றீவும் ஒரே கற்பனையின் மூன்று வடிவங்கள் எனலாம். சுதந்திரத்தின் பின் அல்லை, கந்தளாய்க் குடியேற்றத் திட்டங்கள் முடிக்குரிய காணி என்ற அதே அடிப்படையில்தான் காடுகளைப் பகிர்ந்தன.

கரையிலிருந்து கப்பலை நோக்கிய புனைவு ஒன்றும் உண்டு. சார்ள்ஸ் செலிக்மனும் பிரெண்டா செலிக்மனும் 1911இல் வெளியிட்ட 'வேடர்' என்னும் நூலில் கரையோர வேடருக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கினர். தமிழ் பேசி, மீன்பிடித்து, தமிழரோடு கலந்து வாழ்ந்த இம்மக்களைத் 'தூய' வேடராக அவர்கள் மதிக்கவில்லை. தூய்மையைத் தேடிய அன்றைய மானிடவியலின் குறைபாடு அது. ஆனால் அவர்களே ஒரு சடங்கையும் பதிவு செய்துள்ளனர். கடல்கடந்து கப்பலில் வந்த ஆவிகளாகிய 'கப்பற்பேய்'களுக்குக் கப்பல் உருவம் ஒன்றை அமைத்து, ஆடி, அவற்றைத் தணிக்கும் சடங்கு அது. இங்குக் கப்பலில் வருபவன் கண்டுபிடிப்பாளன் அல்லன். பெயரிட்டு, உணவளித்து, அமைதிப்படுத்த வேண்டிய அந்நியன் அவன்.

இச்சடங்கை நொக்ஸின் கப்பலின் நேர்ப் பிரதிபலிப்பு என்று கூறுவது கொச்சைப் பொருள்முதல்வாதமாகும். நோய், கடலின் அச்சம், மீன்வளம் எனப் பல அதில் திரண்டுள்ளன. எனினும் நூற்றாண்டுகளாகக் கப்பல்கள் வந்திறங்கிய ஒரு துறைமுகத்தின் அருகே வாழ்ந்த மக்கள், வந்தேறும் வலிமையைத் தம் கலைவடிவில் தாமே உருவகித்தனர் என்பதில் ஐயமில்லை. அற்புதப் புனைவு அவர்களுக்கு வெளியிலிருந்து கொடுக்கப்பட வேண்டியதொன்றன்று.

இன்று அடையாளம் பற்றிய கேள்வி மேலும் சிக்கலானது. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வேடரைக் கணக்கிட்டது. 1963இல் அத்தொகை சுமார் 400. மக்கள் மாண்டதனால் மட்டும் இக்குறைவு நேரவில்லை. பலர் சிங்களவராகவும் தமிழராகவும் பதியப்பட்டனர். அரசு விழாக்களிலும் சுற்றுலாப் படங்களிலும் வேடர் என்றால் தோளிற் கோடரி தாங்கிய தம்பானை மக்களே. அவர்களுடைய வேட்டைக் காடும் 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டுப் பறிபோனது; ஊருவரிகே வன்னில எத்தோ 1996இல் ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் செயற்குழுவின்முன் இதனை முறையிட்டார். தமிழ் பேசும் கரையோர வேடருக்கு அப்படத்திலும் இடமில்லை. கிழக்குக் கரை வேடரிடையே போரின் வன்முறை தமிழ் அடையாளத்தை எவ்வாறு வலுப்படுத்தியது என்பதை யுவி தங்கராஜா 1995இல் வெளியான கட்டுரையில் ஆராய்ந்துள்ளார். 2006இல் மூதூர் கிழக்கு மக்கள் ஒருங்கே இடம்பெயர்ந்தபோது வேடர் கிராமங்களும் பெயர்ந்தன. மறு ஆண்டு அப்பகுதியின் பெரும்பரப்பு உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டது. துன்பத்தில் தமிழராக ஏற்கப்பட்டவர்கள், காணியும் கல்வியும் கோயில் உரிமையும் பற்றிய பேச்சில் மீண்டும் 'வேடர்' ஆகின்றனர். வள்ளியை வேடர் குலத்தவள் என்று பாடி மகிழும் சைவ சமூகம் இதற்குப் பதில் கூற வேண்டும். அக்கிராமங்களுள் ஒன்றன் பெயர் பாட்டாளிபுரம் என்பதை முற்போக்காளர் நாமும் சற்று வெட்கத்துடனேயே நினைவுகூர வேண்டியுள்ளது.

வெட்கத்துக்குக் காரணம் உண்டு. ஈழத்து முற்போக்கு விமர்சனம் யதார்த்தத்தை மட்டுமே ஏற்ற வடிவமாகக் கொண்டு, மாயாஜாலத்தைப் பிற்போக்கெனத் தள்ளிற்று. செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய 'வாடைக்காற்று' (1978) போன்ற படங்கள் கடற்றொழிலாளர் வாழ்வைத் திரைக்குக் கொணர்ந்தமை அந்நோக்கின் பெறுபேறு. அதனைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால் உரிமை சடங்கின்வழி நினைவுகூரப்படும் சமூகமொன்றில், சடங்கை நீக்கிய யதார்த்தம் நிலத்தின் ஆவணத்தையே நீக்கிவிடுகிறது. செனகல் நாட்டு மார்க்சிய நெறியாளர் உஸ்மான் செம்பேன் 'எமித்தாய்' (1971) படத்தில் இதனை உணர்ந்திருந்தார். பிரெஞ்சுப் படை நெல்லைப் பறிக்க வருகிறது. இறக்கும் தறுவாயிலுள்ள தலைவர் தம் தெய்வங்களோடு வாதாடுகிறார். தெய்வங்கள் திரையில் உருவத்துடன் தோன்றுகின்றன. அவற்றை அவர் ஏளனம் செய்யவுமில்லை, வணங்கவுமில்லை. நெல்லைப் பற்றிய தர்க்கத்தில் அவையும் ஒரு தரப்பு.

கப்பற்பேயைத் திரைக்குக் கொண்டுவர விழைபவர் ஒளிப்பதிவுக் கருவியைக் கரையில் நிறுத்துவதோடு பணி முடிந்ததெனக் கருதக்கூடாது. கருவி எவரிடம் உள்ளது, எந்த ஆடலைப் படமாக்கலாம், எதனை ஆகாது என்று முடிவு செய்பவர் யார், படம் ஈட்டும் பணம் எங்குச் செல்லும் என்பன உற்பத்தி உறவு பற்றிய கேள்விகள். பொலிவியாவின் ஹோர்ஹே சன்ஹினெஸ் 'யாவர் மல்கு' (1969) எடுக்கக் காத்தா என்னும் மலைக்கிராமத்துக்குச் சென்றபோது, ஊர்த்தலைவர் ஒருவரின் இசைவு போதும் என்று எண்ணியிருந்தார். ஊர் ஒத்துழைக்கவில்லை. அங்கு முடிவுகள் கூட்டாகவே எடுக்கப்பட்டன என்பதை உணர்ந்தபின், படக்குழுவினர் கொக்கா இலைகளைப் போட்டுக் குறிபார்க்கும் இரவுச் சடங்குக்குத் தம்மை உட்படுத்தினர். ஊரார் நடுவே அமர்ந்து இலைகள் எவ்வாறு விழுகின்றன என்று அவர்கள் காத்திருந்தனர். குறி நல்லதாக அமைந்த பின்னரே படப்பிடிப்புத் தொடங்கியது.