நரம்புத் தளர்ச்சியும் மாத்திரை வணிகரும்



நான் வாழும் களுபோவிலையிலே கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலை இருக்கின்றது. விடியுமுன்னரே மக்கள் அங்கே வரிசையில் நிற்பதை நாள்தோறும் காண்கின்றேன். காய்ச்சலும் நீரிழிவும் முறிந்த கையும் உடையோர் கூசாமல் வந்து நிற்பர். ஆனால் வரிசையில் நின்று சொல்ல நாணும் நோய் ஒன்று உண்டு. அதனை நோய் என்பதிலும் பார்க்க, நோய் வந்துவிட்டதோ என்னும் அச்சம் என்பதே பொருந்தும். "நரம்புத் தளர்ச்சி" என்பது அதற்கு வழங்கும் பெயர். இந்தப் பெயர் எவ்வாறு பரவியது, அதனால் யார் செல்வரானார், யார் பொருளையும் மன அமைதியையும் இழந்தார் என்பவற்றை இன்று எடுத்துச் சொல்ல விரும்புகின்றேன்.

நம் முன்னோர் வாதம், பித்தம், சேத்துமம் என்னும் மூன்றையும் கொண்டு நோய்களை வகுத்தனர். நரம்பு என்னும் சொல் அவர்களுக்கு யாழின் தந்தியையும் உடலின் நாளத்தையும் குறித்தது. மூளையிலிருந்து உடலெங்கும் செல்லும் நரம்புகள் சக்தியிழந்து சோர்ந்துபோகின்றன என்ற எண்ணமோ மேற்கு நாடுகளிலிருந்து வந்தது. 1869ஆம் ஆண்டில் ஜோர்ஜ் மில்லர் பியர்ட் என்னும் அமெரிக்க வைத்தியர் இதற்கு "நியூரஸ்தீனியா" எனப் பெயரிட்டு எழுதினார். 1881இல் அவர் வெளியிட்ட நூலில், நீராவி இயந்திரமும் தந்தியும் பத்திரிகைகளும் மனிதனின் நரம்புச் சக்தியை உறிஞ்சிவிடுகின்றன என்றார். மின்கலத்தில் மின்சாரம் குறைவதுபோல மனிதனிடத்தும் சக்தி குறையும் என்பது அவர் கருத்து.

பியர்ட் மருந்து வணிகர் அல்லர். எனினும், வைத்தியர் ஒருவர் பெயர் சூட்டிய நோய்க்கு மாத்திரை விற்பது வணிகர்க்கு எளிதாயிற்று. தலைச்சுற்று, தூக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு, மறதி, மனச்சோர்வு எனக் குறிகளை அடுக்கினால், படிப்பவன் அவற்றில் இரண்டொன்றையேனும் தன்னிடம் காணாதிரான். அதுவே விளம்பரத்தின் இரகசியம். நோயாளி மருந்தைத் தேடிச் சென்ற காலம் போய், மருந்து நோயாளியைத் தேடிவந்த காலம் அது.

விக்டோரியா மகாராணியார் காலத்து இங்கிலாந்தில் இவ்வகை மருந்துகளைப் "பேற்றன்ட்" மருந்துகள் என்றனர். இப்பெயரே ஒரு மயக்கம். பேற்றன்ட் உரிமை வேண்டுவோன் தன் கண்டுபிடிப்பை விளக்கி வெளியிடல் வேண்டும். இவ்வணிகரோ செய்முறையை மறைத்தே பிழைத்தனர். மேலும், 1783ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இம்மருந்துகளுக்கு முத்திரை வரி விதிக்கப்பட்டது. ஒரு சிலிங் விலையுள்ள பெட்டிக்கு ஒன்றரைப் பென்ஸ் வரி. வரி செலுத்தியமைக்கு அடையாளமாக அரசாங்க முத்திரை பெட்டியின் மேல் ஒட்டப்பட்டது. அது வரிச்சீட்டேயன்றி நற்சான்று அன்று. ஆயினும், அரசாங்கத்தின் முத்திரையைக் கண்ட பாமரர், அரசாங்கமே உறுதி கூறும் மருந்து எனக் கொண்டனர். வணிகரும் அம்மயக்கத்தைத் தெளிவிக்க முயன்றாரல்லர்.

இத்துறையில் பெரும்பொருள் ஈட்டியவர் தோமஸ் ஹொலவே என்பவர். 1837இல் களிம்பு ஒன்றுடன் தொடங்கிய அவர், பின்னர் மாத்திரையும் விற்று, விளம்பரத்திற்கென ஆண்டுதோறும் பல்லாயிரம் பவுண் செலவிட்டார். அவருடைய மருந்துக் குறிப்புகள் சீனம், அரபு முதலிய மொழிகளிலும் இந்திய மொழிகளிலும் அச்சாயின. அவர் 1883இல் இறந்தார். அவர் செல்வத்தில் இரண்டு பெருங்கட்டிடங்கள் எழுந்தன. ஒன்று மகளிர் கல்லூரி. மற்றையது 1885இல் திறக்கப்பட்ட மனநோயாளர் இல்லம். நரம்புக்கும் மனச்சோர்வுக்கும் மாத்திரை விற்றுச் சேர்த்த பொருள், மாத்திரையால் குணமாகாதோர்க்கு வீடாகியது.

இனி, நம் நாட்டுக்கு வருவோம். கப்பல்கள் கூடும் துறையாகிய கொழும்பு, இத்தகைய சரக்குகள் வந்திறங்குதற்கு வாய்ப்பான இடமாயிற்று. 1905இல் புகையிரதப் பாதை காங்கேசன்துறை வரை சென்றபின், யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் எழுதுவினைஞராகத் தலைநகருக்கு வந்தனர். பகலெல்லாம் கணக்கேடு, இரவில் வாடகை அறை, ஊரை விட்ட தனிமை. இவற்றால் வரும் சோர்வுக்கு நரம்புத் தளர்ச்சி என்று பெயர் சூட்ட எவ்வளவு நேரம் செல்லும்?

வெட்கத்தைக் காத்தற்குத் தபாலும் துணைநின்றது. பொருளைப் பெறும்போதே பணம் செலுத்தும் வி.பி.பி. முறை இந்தியாவில் 1877இல் தொடங்கிற்று. வைத்தியர் முகத்தை நோக்காமல், கடைக்காரன் கேள்விக்கு விடை கூறாமல், மூடிய பொதியாக மருந்தைப் பெறலாம். இந்திய வணிகரும் ஆங்கிலேயர் காட்டிய வழியை விரைவில் கற்றனர். 1881இல் குசராத்தின் ஜாம்நகரில் தொடங்கிய மருந்துச்சாலை ஒன்று "ஆதங்க நிக்கிரக" மாத்திரைகளை இந்தியா எங்கும் விளம்பரஞ்செய்தது. இல்லற ஒழுக்கம் கூறும் சிறுநூல்களை இலவசமாக அனுப்புவது அதன் வழக்கம். பெயர் ஆயுர்வேதம், முறை ஹொலவே காட்டிய முறை. இளமையில் செய்த பிழையால் உடலின் வலி அழிந்தது என்ற அச்சமே இவ்வகை விளம்பரங்களின் மூலதனமாயிற்று.

இதே காலத்தில் தமிழில் மெய்யான உடல்நூல் இல்லாமற் போகவில்லை என்பதையும் நாம் நினைவுகூர்தல் வேண்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மிசன் வைத்தியர், மானிப்பாயில் நம்மவர்க்கு வைத்தியம் கற்பித்தார். மனித உடலின் அமைப்பையும் இயக்கத்தையும் சுகாதாரத்தையும் கூறும் நூலை 1852இலேயே தமிழில் வெளிப்படுத்தினார். ஆனால் நூலைத் தேடிச் சென்று வாங்குவோர் சிலர். விளம்பரமோ தேடாதவர் வீட்டுக்கும் வந்து சேரும்.

மாத்திரைகளுள் இருந்தது யாது? 1909இல் பிரித்தானிய வைத்தியர் சங்கம் இம்மருந்துகளைப் பகுத்தாராய்ந்து ஒரு நூல் வெளியிட்டது. ஒரு பெட்டி ஒரு கினி பெறும், அதாவது 21 சிலிங் பெறும், எனப் புகழப்பட்ட பீச்சம் மாத்திரை பித்தத்தையும் நரம்பையும் ஒருங்கே சீராக்கும் என்பது விளம்பரம். ஆராய்ந்தபோது அதில் இருந்தவை கரியபோளம், சுக்கு, சவர்க்காரம் என்னும் மூன்றே. பேதிக்குக் கரியபோளம், வாயுவுக்குச் சுக்கு. இவற்றை நம் நாட்டு மருந்துக் கடைகளிலே எவரும் பெறலாம். பெட்டியின் விலை 13½ பென்ஸ். 56 மாத்திரைக்கான சரக்கின் பெறுமதி அரைப் பார்திங். கணக்குப் பார்த்தால் விலை, சரக்கின் பெறுமதியைப் போல 108 மடங்கு!

அரைப் பார்திங் என்னும் அந்தச் சின்னஞ்சிறு காசை நம்மில் பலர் அறியார். 1828இல் அது முதன்முதல் வார்க்கப்பட்டது இலங்கையின் உபயோகத்திற்காகவே. நம் ஏழைகளின் சில்லறைக் காசு எதுவோ, அதுவே உலகம் புகழ்ந்த மாத்திரைப் பெட்டியின் உள்ளீட்டு மதிப்பு.

நடுநிலை வழுவாமல் மற்றொன்றையும் கூறல் வேண்டும். கனடாவிலிருந்து உலகெங்கும் சென்ற டொக்டர் வில்லியம்ஸ் இளஞ்சிவப்பு மாத்திரையில் இரும்புச் சத்து இருந்தது. இரத்தம் குன்றியோர் சிலர்க்கு அது நன்மை செய்திருக்கும். அதன் உரிமையை 1890இல் புல்போர்ட் என்பவர் வாங்கிய விலை 53 டொலரும் ஒரு சதமுமே. ஆனால் இரத்தக் குறைவுக்கு உதவும் இரும்பை, பக்கவாதத்திற்கும் நரம்பு நோய்க்கும் மருந்து என விற்றதே குற்றம்.

சட்டம் மெல்லவே வந்தது. பிரித்தானியப் பாராளுமன்றக் குழுவொன்று இம்மோசடிகளை விசாரித்து அறிக்கை வெளியிட்ட காலம் 1914 ஓகஸ்ட். அந்நாளிலே முதலாம் உலகப்போர் மூண்டது. அறிக்கை கவனிப்பாரற்றுப் போயிற்று. மருந்தில் உள்ளதை வெளியிடல் வேண்டும் என்ற விதியும் முத்திரை வரியின் நீக்கமும் 1941இல்தான் வந்தன. இந்தியா 1954இல் மாய மருந்து விளம்பரங்களைத் தடைசெய்யச் சட்டம் இயற்றிற்று. நரம்புத் தளர்ச்சி அச்சட்டத்தின் அட்டவணையில் பெயர் கூறியே சேர்க்கப்பட்டுள்ளது. இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் மருந்துகளைக் கண்காணிக்க ஏற்பட்டன.

சட்டம் வந்தும் அச்சம் போகவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் உயர்தர வகுப்பிலே கற்ற மாணவன் ஒருவன் திடீரென மெலிந்தான், வகுப்பில் உறங்கினான், எவரையும் நிமிர்ந்து நோக்கான். தந்தை கொட்டாஞ்சேனையில் ஒரு கடையில் சிப்பந்தி. தனிவகுப்புக்கெனத் தந்தை கொடுத்த பணம் ஆசிரியரிடம் சேரவில்லை என அறிந்து, அவனைத் தனியே அழைத்துக் கேட்டேன். நெடுநேரம் அழுதபின், புத்தகத்தின் நடுவிலிருந்து மடித்த துண்டுப் பிரசுரம் ஒன்றை எடுத்து நீட்டினான். "சேர், எனக்கு நரம்பெல்லாம் போய்விட்டது. இதற்குப் பிறகு படித்து என்ன?" என்றான். மூன்று மாதப் பணம் மூன்று போத்தல்களுக்குப் போயிருந்தது. நான் அவனை வைத்தியரிடம் அழைத்துச் சென்றேன். அவர் பொறுமையாகச் சோதித்து, "தம்பி, உமக்கு ஒரு நோயும் இல்லை. இளமைக்கு இயல்பானதை நோய் என்று உமக்கு விற்றுவிட்டார்கள். நன்றாகச் சாப்பிட்டு நித்திரை கொள்ளும்" என்றார். அந்த ஒரு வார்த்தை மூன்று போத்தலும் செய்யாததைச் செய்தது.

அன்று அவனைவிட நானே வெட்கமடைந்தேன். பாடநூலில் உடலியலைக் கற்பித்த நாம், அவன் கேட்க அஞ்சிய ஒன்றைச் சொல்லாமல் விட்டோம். பெரியோர் மௌனமாயிருந்த இடத்தில் வணிகன் பேசினான். 1989இல் பத்மால் டி சில்வா, திசாநாயக்க என்னும் இருவர் இவ்வச்சத்தால் வருந்தும் இலங்கை ஆடவரைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். ஆகவே, இது ஒரு மாணவன் கதை மட்டுமன்று.

பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே! சோர்வும் தூக்கமின்மையும் மெய்யான நோயின் குறிகளாகவும் இருக்கலாம். அப்போது வைத்தியரை நாடுதலே கடன். ஆனால், பெயர் தெரியாத குளிகைக்கு முன் உங்கள் பிள்ளை உங்களிடம் வந்து பேசத்தக்க வகையில் வீட்டின் கதவு திறந்திருக்கட்டும். விக்டோரியா காலத்து வணிகர் விற்ற சரக்கு அரைப் பார்திங் பெறும். அவர்கள் முதலாகக் கொண்டது நமது மௌனம். அதனை இனியும் அவர்களுக்குக் கொடாதிருப்போமாக.