கலூரிலிருந்து மட்டாஞ்சேரிக்கு: ஒரு சாலையும் சில பெயர்களும்

ஐ.எஸ்.எல். கால்பந்துப் பருவத்தில் சென்னை அணி கொச்சிக்கு ஆடச் செல்லும்போது, கோவை, சேலம் பக்கத்திலிருந்து வாளையாறு வழியாகக் காரிலும் வேனிலும் புறப்படும் இளைஞர் கூட்டம் ஒன்று உண்டு. அவர்களுடைய பயணத்திட்டம் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தது. பகலில் ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும், மாலையில் கலூர் ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கம், இரவே திரும்பல். சீன வலை, டச்சு அரண்மனை, யூதத் தெரு, ஆட்டம் என நான்கு பெயர்களில் ஒரு நகரம் பார்த்து முடிக்கப்படுகிறது. இந்த நான்கையும் ஒரே நாளில் கோத்துத் தருகிற சாலைக்கும், அவற்றின் பலகைகளில் எழுதப்பட்ட பெயர்களுக்கும் தனித்தனி வரலாறுகள் உள்ளன. அந்த வரலாறுகள் பலகை சொல்வதோடு பல இடங்களில் ஒத்துப்போவதில்லை.

முதலில் அரங்கம். பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டி, 1996இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே நேரு கோப்பைக் கால்பந்துப் போட்டி அங்கே நடந்தது. ஆயினும் நாடு முழுவதும் அதன் பெயரைக் கொண்டு சென்றது கிரிக்கெட்தான். 1998 ஏப்ரல் 1 அன்று ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அங்கே சச்சின் டெண்டுல்கர் 32 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்தினார். 2005இல் பாகிஸ்தானுக்கு எதிராக அதே இடத்தில் மீண்டும் ஐந்து. ஒருநாள் ஆட்டங்களில் அவர் ஐந்து விக்கெட் எடுத்தது அந்த இரண்டு முறைதான், இரண்டும் கலூரில். பின்னர் 2014 முதல் கேரளா பிளாஸ்டர்ஸின் மஞ்சள் நிறம் அரங்கை நிறைத்தது. 2017இல் பதினேழு வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கோப்பையும் வந்தது. கொச்சியின் கால்பந்து நினைவு அதனினும் பழையது. 1973 டிசம்பரில், எர்ணாகுளம் மகாராஜா கல்லூரித் திடலில் மணியின் மூன்று கோல்களால் ரயில்வே அணியை வென்று கேரளம் முதல் சந்தோஷ் கோப்பையைப் பெற்றது. அரங்கத்திலிருந்து மட்டாஞ்சேரி செல்லும் வண்டிகள் அந்தத் திடலுக்கு வெகு அருகில்தான் கடந்து போகின்றன. எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் அது இல்லை.

இனிச் சாலை. கலூரிலிருந்து மட்டாஞ்சேரி பதினைந்து கிலோமீட்டருக்குள் அடங்கும். எர்ணாகுளத்தைக் கடந்து, வெண்டுருத்தி வழியாக வில்லிங்டன் தீவில் ஏறி, தோப்பும்படியில் இறங்கினால் மட்டாஞ்சேரி வந்துவிடும். நூறாண்டுகளுக்கு முன் இந்தச் சாலை இல்லை. அதற்கு நடுவே கிடக்கும் இன்றைய தீவின் நிலமும் இல்லை. எர்ணாகுளத்துக்கும் மட்டாஞ்சேரிக்கும் இடையே காயல், அதைக் கடக்க வள்ளம். துறைமுக வாயிலை மணல்திட்டு அடைத்திருந்ததால் பெரிய கப்பல்கள் வெளிக்கடலிலேயே நங்கூரமிட்டன. 1920இல் சென்னை அரசால் அனுப்பப்பட்ட பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ அந்தத் திட்டை வெட்டி வழி திறந்தார். 1928 மே 26இல் 'பத்மா' என்னும் கப்பல் உள்துறைக்குள் நுழைந்தது. அகழ்ந்தெடுத்த மண்ணைக் கொட்டி உயர்த்திய நிலமே வில்லிங்டன் தீவு. 1930களின் இறுதியிலும் 1940களின் தொடக்கத்திலும் எழுந்த பாலங்கள் அதன் இரு கரைகளையும் இணைத்தன. தோப்பும்படிப் பக்கத்துப் பழைய பாலத்தின் நடுப்பகுதி படகுகளுக்கு வழிவிடத் தூக்கப்படும்படி அமைந்தது. இன்று வண்டிகள் மிகுதியாகச் செல்வது அதற்கு அண்மையிலுள்ள 'பி.ஓ.டி. பாலம்' வழியாக. கட்டு, இயக்கு, ஒப்படை என்ற ஒப்பந்த முறையின் முதலெழுத்துகள் ஓர் ஊர்ப்பெயரைப் போல மக்கள் வாயில் வழங்குகின்றன. இடப்பெயர் ஆய்வாளர்கள் இதையும் குறித்துவைக்கலாம்.

காயல் மட்டுமல்ல, ஆட்சி எல்லையும் இடையில் இருந்தது. 1795இல் டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிய ஃபோர்ட் கொச்சி, மலபார் மாவட்டத்தின் பகுதியாகச் சென்னை மாகாணத்துக்கு உட்பட்டது. அதை ஒட்டியே கிடக்கும் மட்டாஞ்சேரியும், காயலுக்கு அப்பாலுள்ள எர்ணாகுளமும் கொச்சி அரசருடையவை. இன்று ஆட்டோவில் ஐந்து நிமிடத்தில் கடக்கும் தெரு அன்று இரு அரசுகளின் எல்லை. ஃபோர்ட் கொச்சிக்கும் சென்னைக்குமான நிர்வாக உறவு 1956 நவம்பர் 1இல் கேரள மாநிலம் உருவாகும் வரை நீடித்தது. இம்மூன்று நகராட்சிகளும் இணைந்து ஒரே மாநகராட்சி ஆனது 1967 நவம்பர் 1இல்தான். விளையாட்டரங்கின் நுழைவுச்சீட்டில் அச்சாகும் 'கொச்சி', ஒற்றை நகரம் என்ற பொருளில், அறுபது வயதை ஒட்டியது.

அடுத்து, பெயர்கள். 'டச்சு அரண்மனை'யைக் கட்டியவர்கள் டச்சுக்காரர் அல்லர். ஏறத்தாழ 1555இல் போர்த்துகீசியர் கட்டி, அரசர் வீரகேரள வர்மருக்கு அளித்த மாளிகை அது. 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய பின் டச்சுக்காரர் அதைப் பழுதுபார்த்து விரிவாக்கினர், பெயர் அவர்களுக்குப் போய்விட்டது. கட்டட அமைப்போ கேரள நாலுகெட்டு. சுவர்களில் இராமாயண ஓவியங்கள், முற்றத்தில் பழையன்னூர் பகவதி கோயில். 'சீன வலை'யின் பெயரும் இவ்வாறே விவாதத்துக்குரியது. வலையின் சில உறுப்புகளுக்கு மீனவர் வழங்கும் பெயர்கள் போர்த்துகீசியச் சாயல் உடையவை என்பதால், அது மக்காவ் வழியாகப் போர்த்துகீசியர் கொண்டுவந்ததாக இருக்கலாம் என்று வாதிடுவோர் உண்டு.

அரண்மனையை ஒட்டி 1568இல் எழுந்தது பரதேசி யூதத் தொழுகைக்கூடம். தமிழ்ப் பயணிகள் அந்தப் பலகையைக் கண்டு சிரிப்பதில் வியப்பில்லை. தமிழில் 'பரதேசி' இரப்பாளியாகி, பின் வசையும் ஆகிவிட்டது. இங்கே அது 'பிறதேசத்தார்' என்ற நேர்ப்பொருளில் நிற்கிறது. 1492இல் ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்டோரும் பிற்பாடு வேறு நாடுகளிலிருந்து வந்தோரும் அமைத்த கூடம் என்பதே பொருள். அப்பெயர் சொல்லாமல் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. பிறதேசத்தார் என்று சிலரைப் பிரித்தறிய வேண்டுமானால், ஏற்கெனவே உள்நாட்டாராகிவிட்ட யூதர் இருந்திருக்க வேண்டும். அவர்களே மலபார் யூதர்கள்.

தமிழ் மாணவர்களுக்கு இக்கூடத்தின் பெருஞ்செல்வம் அங்குள்ள செப்பேடுகள். சேர அரசன் பாஸ்கர இரவிவர்மன், ஏறத்தாழ கி.பி. 1000இல், முயிரிக்கோட்டில் ஜோசப் ரப்பானுக்கு வழங்கிய ஆணை அது. எழுத்து வட்டெழுத்து, இடையிடையே கிரந்தம். அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவுக்குரிய எழுபத்திரண்டு உரிமைகளோடு பகல்விளக்கு, பாவாடை, குடை, தோரணம் முதலிய சிறப்புகளும் அதில் வருகின்றன. அதன் மொழியைப் பழைய மலையாளம் என்பாரும் தமிழின் மேற்கு வழக்கு என்பாரும் உளர். பத்தாம், பதினொன்றாம் நூற்றாண்டு மேற்குக் கரையில் இன்றைய மாநில எல்லையைத் தேடும் இந்த வழக்கு எளிதில் முடியாது. செப்பேட்டைப் படிக்க இரு தரப்புக்கும் ஒரே இலக்கணப் பயிற்சி வேண்டும் என்பதே உண்மை நிலை. கூடத்தின் மணிக்கூண்டு, பதினெட்டாம் நூற்றாண்டு வணிகர் எசக்கியேல் ரஹபி எழுப்பியது. அதன் முகப்புகளில் ரோமன் எண்ணும் எபிரேய எண்ணும் மலையாள எண்ணும் உள்ளன. மலையாள எண்களைத் தமிழ் எண்கள் அறிந்தவர் பெரும்பாலும் தடையின்றிப் படித்துவிடுவர். ஆனால் அவற்றை அறிந்த தமிழர் இன்று எத்தனை பேர் என்பது வேறு கேள்வி.

அருகிலுள்ள முனையின் பெயர் கப்பலண்டிமுக்கு. கப்பலண்டி என்றால் அவ்வூரில் நிலக்கடலை, கப்பலில் வந்த கொட்டை. தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் அதே கடலைக்கு மணிலாக்கொட்டை என்று பெயர். ஒரு கரை ஊர்தியை நினைவில் வைத்தது, மறு கரை புறப்பட்ட துறையை.

யூதத் தெருவின் அதிகாரப் பெயர் ஏ.பி. சேலம் சாலை. ஊர்ப்பெயர் என்று எண்ணித் தமிழர் ஏமாறக்கூடும். அது ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967) என்ற வழக்கறிஞரின் பெயர். விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தோர் என ஒதுக்கப்பட்ட யூதர்கள், பரதேசிக் கூடத்துக்குள் மற்றவரோடு சமமாக அமர முடியாதிருந்தனர். சேலமும் அவர்களுள் ஒருவர். கொச்சிச் சட்டமன்றத்தில் உறுப்பினராய் இருந்த மனிதருக்குத் தம் தொழுகைக்கூடத்தில் இருக்கை இல்லை. காந்தியின் சத்தியாகிரக முறையைக் கையாண்டு அவர் போராடினார், தடைகள் படிப்படியாகத் தளர்ந்தன. நறுமணப் பொருளும் பழம்பொருளும் விற்கும் கடைகளுக்கு நடுவே அவர் பெயர் முகவரியாக நிற்கிறது. வழிகாட்டிகள் சொல்வதோ நீல வண்ணச் சீன ஓடுகளைப் பற்றியே.

மட்டாஞ்சேரியிலேயே மலபார் யூதர்களின் கடவும்பாகம் தொழுகைக்கூடம் இருந்தது. அவர்கள் 1950களில் பெருவாரியாக இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த பின் அது கிடங்காயிற்று. உள்ளிருந்த மரவேலைப்பாடுகள் 1990களில் எருசலேமிலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குப் போயின. 2019 செப்டம்பர் மழையில் முன்பகுதி இடிந்து விழுந்தது. பரதேசிக் கூடத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்க வரிசை நிற்கும் தெருவுக்கு அது நடை தூரந்தான். எது 'பார்க்க வேண்டிய இடம்' என்ற தீர்மானம் எங்கே எடுக்கப்படுகிறது என்று கேட்க இதைவிட நல்ல இடம் மட்டாஞ்சேரியில் கிடைக்காது.

இதே கேள்வி தமிழர்களையும் தொடும் இடம் ஃபோர்ட் கொச்சியின் வெளி என்ற பகுதி. பெயரின் பொருளைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. அங்கே வண்ணார் சமூகத்தினர் தலைமுறைகளாகத் துணி வெளுத்து வருகின்றனர். டச்சுப் படைவீரரின் சீருடைகளை வெளுக்கத் தம் முன்னோர் தமிழகத்திலிருந்து வரவழைக்கப்பட்டனர் என்பது அவர்களிடையே வழங்கும் வரலாறு. இன்றைய சலவைக்கூடத்தை 1976இல் கட்டித் தந்தது பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம். இருபது ஆண்டுகளுக்குப் பின் கலூர் அரங்கத்தைத் திறந்ததும் அதே ஆணையந்தான். வெளுத்த துணிக்குக் கஞ்சி போட்டு, முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கு இடையே முனையைச் செருகிக் காயவைக்கும் முறை இன்னும் அங்கே உண்டு. வீடுகளில் தமிழ் பேசப்படுகிறது. பயண வழிகாட்டிகளில் அவ்விடத்தின் பெயர் 'தோபிகானா'. தமிழ் வண்ணாரின் தொழிற்கூடத்துக்குக் கேரளத்தில் இந்திப் பெயர். கோவையிலிருந்து ஆட்டம் பார்க்க வருவோரின் வண்டி சீன வலைக்குச் செல்லும் வழியில் அதன் பக்கமாகத்தான் போகிறது. அது நின்று செல்லும் இடங்களில் இது பெரும்பாலும் இல்லை.