வீட்டுக்குக் காற்றாடி பூட்டலாமா?

நெளுக்குளத்தில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அக்கா ஒருவர் ஆனி மாதத்தில் தன் தொலைபேசியை என் கையில் தந்தார். அதில் ஒரு விளம்பரம்: 1000 வோட் காற்றாடி, 2 மீற்றர் அகலம், கூரையிலேயே பூட்டலாம், இனி கரண்ட் பில் இல்லை.

"தம்பி, நீ படிச்சனி. இது சரிவருமோ? கனடாவில இருந்து சின்னவன் பாதிக்காசு தாறன் எண்டவன். மிச்சத்துக்குக் கடன் எடுக்கவேணும்."

இறுதிப்போரில் கணவரை இழந்தவர். தையல் மெசினை வைத்தே பிள்ளைகளை வளர்த்தவர். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, தைக்க வந்த துணிகள் அப்படியே கிடந்ததை அவர் மறக்கவில்லை. நான் படித்தது ஊடகக் கல்விதான், பொறியியல் அல்ல. ஆனால் கடன் என்ற சொல்லைக் கேட்டபிறகு சும்மா இருக்க முடியவில்லை.

காற்றாடி விடயத்தில் முதலில் விளங்கவேண்டிய கணக்கு ஒன்றுதான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகும். வேகம் பாதியானால் எட்டில் ஒன்றுதான் மிஞ்சும். 2 மீற்றர் அகலமான காற்றாடி, செக்கனுக்கு 6 மீற்றர் காற்றில் ஏறக்குறைய 100 வோட் தரும். 3 மீற்றர் காற்றில் 13 வோட் தேறினாலே பெரிய விடயம். பல காற்றாடிகள் அந்த வேகத்தில்தான் சுழலவே தொடங்கும். விளம்பரத்தில் போடும் 1000 வோட், புயல்போல் அடிக்கும் காற்றுக்கான கணக்கு.

பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி கிடைக்காமல், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோ சுற்றி வானொலி கேட்ட சனம் நாங்கள். அந்த டைனமோ ஒன்று 3 வோட். ஆக, 13 வோட் என்பது நாலு சைக்கிள்.

இரவல் வாங்கிய காற்றுமானியைத் தடியில் கட்டி, கூரை மட்டத்தில் மூன்று கிழமை பார்த்தேன். சோளகம் வீசும் காலம் அது. அப்படியிருந்தும் பெரும்பாலான நேரம் 3 மீற்றரைத் தாண்டவில்லை. காற்றுமானி இல்லாதவர்கள் மரத்தைப் பார்க்கலாம். இலைகளும் சிறு கொப்புகளும் ஓயாமல் ஆடினால் 3 முதல் 5 மீற்றர். நிலத்துப் புழுதி கிளம்பி, சின்னக் கிளைகள் ஆடினால் அதற்கும் மேல். ஒருநாள் பார்த்து முடிவெடுக்கக்கூடாது. பங்குனி, சித்திரையின் அசையாத நாட்களையும் பார்க்கவேண்டும்.

"மன்னாரில சுத்துதே" என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. மன்னார் தீவில் 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனியில் 30 காற்றாலைகள், மொத்தம் 103.5 மெகாவோட். அவை கடற்கரையில், எந்தப் பனையையும்விட மிக உயரத்தில் நிற்கின்றன. (அந்தத் தீவு மக்கள் காற்றாலைகளை ஏன் எதிர்க்கிறார்கள் என்பது தனியாக எழுதவேண்டிய கதை.) நெளுக்குளமோ உள்நிலம். மா, தென்னை, பக்கத்து மாடிவீடு எல்லாம் காற்றை உடைத்துச் சுழியாக்கிவிடும். சுற்றியுள்ள மரங்களைவிட 9 மீற்றராவது உயரமாகக் கம்பம் நிறுத்தவேண்டும் என்பது பொதுவிதி. தென்னைக்கு மேல் கம்பம் என்றால் காற்றாடியைவிடக் கம்பத்துக்குச் செலவு கூடும். புயல் வந்தால் இறக்கிவைக்க ஆளும் வேண்டும்.

கூரையில் பூட்டுவது இன்னும் மோசம். பிரித்தானியாவில் கட்டடங்களில் பூட்டிய 26 சிறு காற்றாடிகளை அளந்து 2009இல் வெளியிட்ட வோரிக் ஆய்வில், ஒன்றின் சராசரி உற்பத்தி நாளொன்றுக்குக் கால் அலகுகூட வரவில்லை. இரைச்சல் தாங்காமல் சிலவற்றை நிறுத்தியும் வைத்தார்கள்.

அதேநேரம், 300 வோட் சோலார் தகடு ஒன்று நம் வெயிலில் நாளுக்கு ஒரு அலகாவது தரும். சுழலும் பாகம் இல்லை, கம்பமும் வேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மின்சார சபை இணைப்போடு ஓடும் சாதாரண சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். மின்வெட்டுக்கு உதவவேண்டுமென்றால் பற்றரி கட்டாயம்.

காற்றாடி எங்கும் வீண் என்று சொல்லமாட்டேன். முல்லைத்தீவுக் கரையிலோ பூநகரி வெளியிலோ, மரமில்லாத வளவு இருந்தால் யோசிக்கலாம். சோலார் படுக்கும் இரவிலும் மாரியிலும் அது கைகொடுக்கும். அங்கும் முதலில் அளக்கவேண்டும். உப்புக்காற்றில் இரும்பு கறள் பிடிக்கும் என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

அக்கா கடன் எடுக்கவில்லை. சின்னவனின் காசில் ஒரு தகடும், ஒரு பற்றரியும், சிறிய இன்வேட்டரும் வாங்கினார். ஒரு லைற், ஒரு விசிறி, மெசின் மோட்டார். மூன்றையும் சேர்த்துப் போட்டால் பற்றரி எத்தனை மணித்தியாலம் தாங்கும் என்று கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கிறார்.