பனியனின் ராட்சதன்

எங்கள் வீட்டில் நாவல் கூடாது. அப்பாவுக்கு அது பொய், பொய் பாவம். ஞாயிறு மதியங்களில் ஒரே ஒரு புத்தகத்துக்கு விலக்கு உண்டு: 'மோட்சப் பிரயாணம்'. அதை அவர் கதையாகக் கணக்கில் எடுக்கவில்லை. பிற்பாடு விமர்சனம் பழகிய நாட்களில் நானும் எடுக்கவில்லை. உருவகக் கதை, பிரசாரம் என்று ஒதுக்கினேன். சென்ற வருஷம் அப்பா காலமான பிறகு, அலமாரியைக் காலிசெய்தபோது அது கைக்கு வந்தது. நின்றபடியே பிரித்தவன் விளக்கேற்றும் நேரம்வரை படித்தேன். அடுத்து என்ன நடக்கும் என்பதற்காக நான் ஒரு புத்தகத்தைப் படித்து வெகுகாலமாகியிருந்தது.

ஜான் பனியன் (1628–1688) இங்கிலாந்தில் பெட்ஃபோர்டை அடுத்த எல்ஸ்டோ கிராமத்தவர். ஓட்டைப் பாத்திரங்களுக்கு ஒட்டுப்போடுவது தொழில். 1658-இல் அவர் எழுதிய 'நரகத்திலிருந்து சில பெருமூச்சுகள்', லூக்கா சுவிசேஷத்தின் ஐசுவரியவான்–லாசரு பகுதிக்கு விரிவுரை. வேதத்தை அசட்டை செய்து, தெருப்பாட்டுகளையும் வீரக்கதைகளையும் நாடிப்போனவனின் புலம்பல் ஒன்று அதில் வருகிறது. அவன் பெயர் சொல்லும் கதைகளில் ஒன்று, சௌதாம்ப்டன் பெவிஸ் என்ற வீரனுடையது. ராட்சதன், பறக்கும் நாகம், பாதாளச் சிறை எல்லாம் உண்டு. நம் பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையைப்போல மலிவு அச்சில் விற்றது. அந்தப் புலம்பலில் பனியனின் சொந்த வாலிபம் பேசுவதாகவே எனக்குத் தோன்றுகிறது. இவ்வளவு விவரமாக வெறுப்பதற்கு, ஒருகாலத்தில் நேசித்திருக்க வேண்டும்.

பிறகு சிறை. அரசாங்கத் திருச்சபைக்கு வெளியே கூட்டம் கூட்டிப் பிரசங்கித்ததற்காக 1660 முதல் 1672 வரை உள்ளே இருந்தார். 1678-இல் 'மோட்சப் பிரயாணம்' அச்சேறியது. கைப்பிரதியைப் பார்த்த நண்பர்களில் சிலர் அச்சிடு என்றார்கள், சிலர் வேண்டாம் என்றார்கள் என்று செய்யுள் முன்னுரையில் அவரே சொல்கிறார். வேதமே நிழல்களாலும் உவமைகளாலும் பேசவில்லையா என்பது அவர் வாதம். வாதம் சரிதான். ஆனால் புத்தகத்தை நிறுத்துவது வாதம் இல்லை. மீன்செதிலும் கரடிக்காலும் சிங்கவாயுமாக அப்பொல்லியோன் வழிமறிக்கிறான். அரைநாளுக்கு மேல் வாள்சண்டை. சந்தேகக் கோட்டையில் நிராசை என்னும் ராட்சதன் பிரயாணிகளைப் பூட்டிவைக்கிறான். இருபது வருஷங்களுக்கு முன் நரகத்தில் தள்ளிய வீரக்கதையின் உலகம் முழுசாகத் திரும்பி வந்துவிட்டது. விசுவாசத்துக்கு வேலை செய்ய வந்திருக்கிறது.

அந்தக் கோட்டையிலிருந்து தப்பும் இடத்தைப் பாருங்கள். வாக்குத்தத்தம் என்ற சாவி பிரயாணியின் மடியிலேயே இருந்திருக்கிறது. உள்கதவுகள் சுலபமாகத் திறக்கின்றன. கடைசி இரும்புவாசலின் பூட்டு மட்டும் பயங்கரமாக முரண்டுகிறது. உபதேசத்துக்கு இந்த முரண்டு அவசியமில்லை. உலோகத்தோடு மல்லாடிய கையும், சிறைக்கதவு சாத்தும் சத்தம் கேட்ட காதும் சேர்ந்து எழுதிய வரி அது. அந்த இடத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இதே கதை தமிழிலும் நடந்திருக்கிறது. வைஷ்ணவக் குடும்பத்தில் பிறந்து கம்பனில் ஊறிய எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900), 1858-இல் ஞானஸ்நானம் பெற்றார். 1894-இல் வெளியான அவருடைய 'இரட்சணிய யாத்திரிகம்' பனியனைத் தழுவியது. அதன் விருத்தங்களின் நடை கம்பனுடையது. மதம் மாறியவர் செவியை மாற்றிக்கொள்ளவில்லை. பனியனுக்குப் பெவிஸ் திரும்பியதுபோல் இவருக்குக் கம்பன் திரும்பினான்.

விசுவாசம் கதையின்பத்தைத் துறக்கச் சொல்கிறது என்று அப்பா நம்பினார். கலை அதைத் துறக்கச் சொல்கிறது என்று நான் நம்பினேன். உத்தி, தொனி, பிரக்ஞை என்று பேசிப்பேசி, ராட்சதன் வந்தால் பயப்படும் திறனை இழந்திருந்தேன். என்னுடையதும் ஒரு தூய்மைவாதம்தான். அதில் ஜெபம் மட்டும் இல்லை.

அப்பாவின் பிரதியில் தர்க்கங்கள் வரும் பக்கங்கள் புதிதாகவே இருக்கின்றன. சந்தேகக் கோட்டைப் பக்கங்களின் ஓரம் விரல்பட்டுக் கறுத்திருக்கிறது. அவரும் கதைதான் படித்திருக்கிறார்.