டர்னிப்பின் மூஞ்சி

அக்டோபர் கடைசி வாரம் டப்ளினில் பள்ளிகளுக்கு லீவு. வெளியே மழை. ஆறு வயது மகளைச் சமாளிப்பது என் முறை. கறுப்புக் காகிதத்தை மடித்து வௌவால் வெட்டினோம். பழைய வேட்டித்துண்டைப் பலூன் மேல் போர்த்திப் பேயாக்கினோம். கடையில் பிளாஸ்டிக் எலும்புக்கூடு வாங்குகிறவர்களைவிட நான் ஒரு படி மேல் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு. ராத்திரி சும்மா இதன் வரலாற்றைத் தேடிப் படிக்கப்போய் அந்தப் பெருமை போச்சு.

ஹாலோவீனுக்கு 'நீங்களே வீட்டில் செய்யலாம்' என்பதையே ஒரு கம்பெனி சரக்காக விற்றிருக்கிறது. 1844இல் அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் நகைக்கடைகளுக்கு அட்டைப்பெட்டி செய்து தொடங்கியது டென்னிசன். பிறகு க்ரேப் காகிதத்தில் இறங்கியது. 1909இல் 'போகி புக்' என்று ஒரு சின்னப் புத்தகம் போட்டார்கள். (போகி என்றால் பூச்சாண்டி. நம்ம போகிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) 1912 முதல் அநேகமாக வருடாவருடம் வந்தது. கூடத்தை எப்படி ஜோடிப்பது, மேசையில் என்ன வைப்பது, காகிதத்திலேயே உடுப்பு எப்படித் தைப்பது என்று எல்லாம் அதில் இருக்கும். தேவையான காகிதமும் அதே கம்பெனியில் கிடைக்கும். காசு கொடுத்து வாங்க வேண்டிய டாகுமெண்டேஷன்! என் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த உத்தி நன்றாகவே புரியும். இன்று ஏவரி டென்னிசன் என்ற பெயரில் லேபிள் விற்பது அந்தக் கம்பெனியின் வாரிசுதான்.

முழுக்க வியாபாரத் தந்திரம் என்றும் சொல்லிவிட முடியாது. அந்தக் காலத்து அமெரிக்காவில் ஹாலோவீன் ராத்திரி என்றால் பையன்கள் அடுத்த வீட்டு கேட்டைக் கழற்றிக்கொண்டு போகும் ராத்திரி. அவர்களை வீட்டுக்குள் இழுக்க ஒரு விருந்து வேண்டியிருந்தது, விருந்துக்கு அலங்காரம் வேண்டியிருந்தது. காகிதப் பூனை அப்படித்தான் சுவரேறியது என்று நினைக்கிறேன்.

ஆனால் நான் இருப்பது அயர்லாந்து. இங்கே காகிதத்துக்கு வெகுகாலம் முன்பே டர்னிப் இருந்தது. மேயோ கவுண்டியில், டர்லோ பார்க்கிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு டர்னிப் முகம் இருக்கிறது. டொனிகாலின் ஃபின்டவுனிலிருந்து 1943இல் ஒரு பள்ளி ஆசிரியை கொடுத்தது. அசல் உதிரத் தொடங்கியதால் பிளாஸ்டரில் அச்சு எடுத்து வைத்திருக்கிறார்கள். படத்தைப் பார்த்தாலே வயிற்றைப் பிசைகிறது. சுருங்கிய, நிஜமாகவே செத்த முகம். பூசணிக்காயின் சிரிப்பு அதில் துளியும் கிடையாது.

ஐரிஷ்காரர்கள் பஞ்சத்தில் கப்பலேறிப் போய் டர்னிப்பை விட்டுப் பூசணியைப் பிடித்தார்கள் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அவ்வளவு நேர்கோடாக எனக்குத் தெரியவில்லை. 1807இல் பிறந்த அமெரிக்கக் கவிஞர் விட்டியர், சிறுவயதில் பூசணியில் முகம் செதுக்கி உள்ளே மெழுகுவத்தி ஏற்றியதைக் கவிதையில் நினைவுகூர்கிறார். பஞ்சமோ 1845இல்தான் தொடங்குகிறது.

மறுநாள் டர்னிப் வாங்கி வந்தேன். இந்த ஊரில் டர்னிப் என்பது உள்ளே மஞ்சளாக இருக்கும் பெரிய கிழங்கு. பூசணிக்குள் பாதி வேலையை இயற்கையே முடித்து வைத்திருக்கும். இது கல். முதல் ஸ்பூன் வளைந்துவிட்டது. கடைசியில் டிரில் எடுத்து ஓட்டை போட்டு, ஓட்டைகளுக்கு நடுவே சுரண்டினேன். ஒன்றரை மணி நேரம். மகளுக்குக் கொடுத்த வேலை, சுரண்டியதைக் கிண்ணத்தில் சேர்ப்பது மட்டும். கண்ணும் வாயும் அவள் பேனாவால் வரைந்தாள், நான் வெட்டினேன். மெழுகுவத்தி ஏற்றியதும் வீடெல்லாம் தீய்ந்த கிழங்கு வாசனை.

"இது எதுக்குப்பா?"

சவ்வின் பண்டிகையைப் பற்றிச் சொன்னேன். அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் அந்த இரவில் செத்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள் என்று இங்கே நம்பினார்கள், சில வீடுகளில் அவர்களுக்கு இடம்கூடப் போட்டு வைத்தார்கள், கெட்டது எதுவும் கூடவே வந்துவிடாமல் விரட்டத்தான் இந்த மாதிரி மூஞ்சி என்றேன்.

"அப்ப ஆச்சி வருவாங்களா?"

அம்மா போய் ஏழு மாதம். கடைசி விமானத்தைப் பிடித்தும் நான் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. மகளைக் கூட்டிப் போகவில்லை. அதைப் பற்றி அவளிடம் சரியாகப் பேசியதும் இல்லை. காகித வௌவால் வெட்டும்போது இந்தக் கேள்வி வரவில்லை, அது வராமலிருக்கத்தான் காகித வௌவால் என்றுகூடத் தோன்றியது.

"தெரியலடா. வந்தா நல்லாருக்கும்."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு ஜன்னல் திண்டில் வெளியே பார்த்து வைத்திருந்த டர்னிப்பை, சூடு படாமல் ஓரத்தைப் பிடித்து, வீட்டுப் பக்கமாகத் திருப்பினாள்.

"ஆச்சி பயந்துருவாங்கப்பா."

அது எங்களை முறைத்தபடி இருக்க, சாப்பிட உட்கார்ந்தோம்.