புயல் ஓய்ந்த பின் புரவிகள்

பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவிலிருந்து காயல் துறையில் வந்திறங்கிய குதிரைகளைப் பற்றி நாம் பெருமையுடன் பேசி வருகிறோம். 1268இல் பட்டமெய்திய மாறவர்மன் குலசேகர பாண்டியனின் காலத்தில், கீஷின் அதிபர் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1400 குதிரைகள் அனுப்ப உடன்பட்டிருந்தார். ஒன்றின் விலை 220 செம்பொன் தீனார். கடல்வழியில் இறந்துபோனதற்கும் அதே விலை. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் செய்திகள் இவை. அக்குதிரைகள் பின்னர் என்னவாயின என்பதை மட்டும் நாம் கேட்பதில்லை.

அந்நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ கேட்டார். ஆண்டுக்கு 2000க்கு மேல் வாங்கியும், ஆண்டு முடிவில் 100கூட எஞ்சுவதில்லை என்றார். பராமரிக்கத் தெரிந்தவர் இங்கில்லை என்றும், குதிரை வைத்தியர் எவரும் இங்கு வரவொட்டாமல் வணிகர்களே தடுத்தனர் என்றும் எழுதிவைத்தார். நம் முன்னோர்மீது விழுந்த கடுமையான பழி இது. வஸ்ஸாஃப் இப்பழியைச் சொல்லவில்லை. வறுத்த வாற்கோதுமை, நெய்யிட்ட தானியம், காய்ச்சிய பசும்பால் எனப் பொருந்தாத் தீவனம் கொடுத்து, 40 நாள் முளையில் கட்டிப்போட்டு, பிறகு பழக்காமலே ஏறிச் செலுத்தினர் என்று இந்நாட்டாரையே குறை கூறுகிறார். ஆயினும், செத்த குதிரைக்கும் விலை பெற்ற வணிகம் குதிரையின் ஆயுளைப் பற்றிக் கவலைப்பட்டிருக்குமா என்ற ஐயம் நம்மை விட்டு அகலவில்லை.

இம்மண்ணில் பசுந்தழையே நஞ்சாகும் வேளையும் உண்டு. காயலிலிருந்து மதுரைக்கு வரும் தென்திசையில், திருமங்கலத்தைச் சுற்றிலும் கரிசல் பூமி. மழையின்றி வாடிய சோளப்பயிர், ஐப்பசி, கார்த்திகை மழையில் திடீரெனத் துளிர்க்கும்போது அவ்விளங்குருத்தில் ஹைட்ரோசயனிக் அமிலம் மிகுந்துவிடும். மாட்டை அது எளிதில் சாய்க்கும்; குதிரையை அவ்வளவு எளிதில் சாய்ப்பதில்லை. புயற்காற்றில் ஒடிந்து விழும் அரளியோ இன்னும் வஞ்சகமானது. பச்சையாயிருக்கையில் அதன் கசப்பே விலங்கை விலக்கிவிடும். வாடிய பின் கசப்புக் குறையும், நஞ்சு குறையாது. ஒரு கைப்பிடி இலை போதும், இதயம் தடுமாற. தின்றதைக் கக்கவும் குதிரையால் இயலாது.

அரளியை அரபியர் 'திஃப்லா' என்பர். அது கழுதைகளையும் கோவேறு கழுதைகளையும் கொல்லும் என்று கிரேக்க மருத்துவர் தியோஸ்கோரிதீஸ் முதல் நூற்றாண்டிலேயே எழுதினார். அவருடைய நூல் 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் அரபு மொழிக்கு வந்துவிட்டது. குதிரை வைத்தியரை 'பைத்தார்' என்றழைத்து, அக்கலைக்கெனத் தனி நூல்கள் இயற்றிய சமுதாயம் நம்முடையது. 1341இல் மறைந்த எகிப்தின் சுல்தான் நாசிர் முஹம்மதின் லாயத்தில் தலைமைப் பைத்தாராயிருந்த அபூபக்ர் இப்னு பத்ர், சுல்தானுக்கென்றே ஒரு பெருநூல் எழுதிக்கொடுத்தார். குதிரைகளை ஏற்றிய துறைமுகங்களில் இவ்வறிவுக்குப் பஞ்சமிருந்ததில்லை. மார்க்கோ போலோ சொல்வது மெய்யாயின், அது மட்டும் கப்பலேறவில்லை.

அப்படியொரு பைத்தார் இங்கிருந்திருந்தால், புயல் ஓய்ந்த காலையில் அவர் செய்திருக்கக்கூடியவை எளியவையே: குதிரையை அவிழ்க்காமல் உலர்ந்த வைக்கோல் போட்டு நிறுத்துவது, வேலியோரம் விழுந்த கிளைகளை அகற்றி, தொட்டியில் மிதக்கும் இலைகளை அள்ளி நீரை மாற்றுவது, சோளக்குருத்து முதிரும்வரை அந்நிலத்தில் மேயவிடாதிருப்பது.