ஆஸ்திரேலிய சரளைப் பாதைகளும் சைக்கிளும்: ஒரு நீண்ட இழை

 

சுகர், பிபி இருக்கிறவர்கள் சைக்கிள் ஓட்டுங்கள் என்று எழுதும்போதெல்லாம் இப்போ ஒரு கேள்வி வருது. "டாக்டர், கிராவல் பைக் வாங்கலாமா?" தார் ரோட்டை விட்டு இறங்கி சரளை, செம்மண், காட்டுப்பாதையில் ஓட்டுவதற்கான சைக்கிள் அது. டயர் கொஞ்சம் அகலம். விலை ரொம்பவே அகலம். வாங்குறதும் வாங்காததும் உங்க இஷ்டம். கப்பி ரோட்டில் சைக்கிள் மிதிப்பது நம்ம ஊருக்கு ஒன்றும் புதுசில்லை.

ஆனா இந்தச் சரளைப் பாதை சைக்கிளுக்கு மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு பெரிய வரலாறு இருக்கு. அதைச் சொல்றேன்.

பெர்த் நகரத்துக்குக் கிழக்கே முண்டாரிங்கில் ஆரம்பித்து, தென்கடற்கரையில் இருக்கும் ஆல்பனி வரை 1,000 கி.மீ.க்கும் மேல் நீளும் ஒரு சைக்கிள் பாதை உண்டு. 2013ல் முழுமையானது. பெயர் முண்டா பிடி. தமிழில் படிச்சா ஏதோ குஸ்தி மாதிரி இருக்கும். நூங்கார் பழங்குடி மக்களின் மொழியில் 'காட்டின் ஊடே போகும் பாதை' என்று அர்த்தம். ஜாரா மரக்காடு, சின்னச் சின்ன ஊர்கள், கடைசியில் கடல். ஓட்டுபவர்கள் திட்டித் தீர்ப்பது ஒரே விஷயத்தைத்தான்: பட்டாணி மாதிரி உருண்டை உருண்டையாக இருக்கும் சரளைக்கல். கோலிகுண்டு மேல் ஓட்டுவது போல டயர் நழுவும்.

அந்தச் சரளை நமக்கு அந்நியமில்லை. நம்ம செம்புறாங்கல் ஜாதி. லேட்டரைட். அந்தப் பெயரை வைத்தவர் பிரான்சிஸ் புக்கானன். 1800ல் சென்னையில் கிளம்பி மைசூர் வழியாக மலபார் போனவர், அங்காடிப்புரத்தில் ஜனங்கள் இந்தக் கல்லைச் செங்கல் மாதிரி வெட்டி வீடு கட்டுவதைப் பார்த்தார். லத்தீனில் செங்கலுக்கு 'லேட்டர்'. 1807ல் வெளிவந்த பயண நூலில் அந்தப் பெயரை எழுதினார். அவர் தொழில் என்ன தெரியுமா? டாக்டர்! (அந்தக் காலத்து டாக்டர்களுக்கு எங்கிருந்துதான் நேரம் கிடைச்சுதோ.)

சரி, 1890களுக்கு வருவோம்.

1892ல் கூல்கார்டியில் தங்கம். அடுத்த வருஷம் கல்கூர்லியில் தங்கம். ஆறே இல்லாத வறண்ட காட்டுக்குள் ஆயிரக்கணக்கான ஆட்கள் குவிந்தார்கள். உப்பு ஏரித் தண்ணீரைக் காய்ச்சி வடித்து காலன் கணக்கில் விற்றார்கள். குடிக்கிற தண்ணீருக்கே காசு என்றால் கை கழுவ யாரிடம் தண்ணீர் இருக்கும்? டைபாய்டு கூடாரம் கூடாரமாகப் பரவியது. நாம இன்னைக்கும் சொல்கிற 'வைடல் டெஸ்ட்' வெளிவந்ததே 1896ல்தான். குணப்படுத்தும் மருந்து வர அதுக்கப்புறம் ஐம்பது வருஷம் ஆச்சு.

இந்த ஊரில் குதிரை வைத்திருப்பது பெரும்பாடு. வெயிலில் வேலை செய்யும் குதிரை ஒரு நாளைக்கு 40 லிட்டர் தண்ணீர் கேட்கும். தீவனம் தனி. சைக்கிள் எதையும் கேட்காது. 1888ல் டன்லப் (அவர் கால்நடை மருத்துவர்) காற்றடைத்த டயர் கொடுத்துவிட்டார். தங்கவயல்களுக்கு இடையே கடிதமும் தந்தியும் சைக்கிளில் பறந்தன.

மணலில் சைக்கிள் புதையாதா என்று கேட்பீர்கள். புதையும். அங்கேதான் ஒட்டகம் வருது.

1866 முதல் கராச்சி துறைமுகம் வழியாக ஒட்டகங்களையும் ஒட்டகக்காரர்களையும் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார்கள். பலூச், சிந்தி, பஞ்சாபி, பட்டாணியர் எல்லோருக்கும் அங்கே ஒரே பெயர்: 'ஆப்கான்'. ஒட்டகத்தின் பாதம் குளம்பு மாதிரி மண்ணைக் கிளறாது. மெத்தை போல விரிந்து அமுக்கும். வரிசையாக நூறு ஒட்டகம் போனால் பின்னால் ஒரு முழ அகலத்துக்கு இறுகின, வழுவழுப்பான தடம் கிடைக்கும். சைக்கிள்காரனுக்கு அதைவிட என்ன வேணும்?

அந்தத் தடங்களிலும் தந்திக்கம்பி ஓரத்திலும்தான் சாதனைகள் நடந்தன. 1896 நவம்பரில் ஆர்தர் ரிச்சர்ட்சன் ஒரு சின்ன மூட்டை, ஒரு தண்ணீர்ப் பையோடு கூல்கார்டியில் கிளம்பி, நல்லார்பார் சமவெளியைக் கடந்து 31 நாளில் அடிலெய்டு சேர்ந்தார். 1897ல் ஜெரோம் மூரிஃப் தென்கடலில் இருந்து வடகடல் வரை, டார்வின் வரைக்கும் ஓட்டினார். உடுப்பு? பைஜாமா! அவர் பிடித்துக்கொண்டு போன தந்திக்கம்பி 1872ல் போட்டது. டார்வினில் கடலுக்குள் இறங்கி ஜாவா, சிங்கப்பூர், பினாங்கு வழியாக நம்ம சென்னையில் கரையேறி லண்டன் போனது. 1899 ஜூன் 5ல் பெர்த்தில் கிளம்பின ரிச்சர்ட்சன், 1900 பிப்ரவரி 4ல் மொத்த ஆஸ்திரேலியாவையும் சுற்றிவிட்டுத் திரும்பினார். சுமார் 18,500 கி.மீ.

வரலாற்றில் பெயர் இருப்பது இவர்களுக்கு. தடம் போட்ட ஒட்டகக்காரர்களில் எத்தனை பேர் பெயர் நமக்குத் தெரியும்?

தண்ணீர் கதை இன்னும் மோசம்.

அந்த வறண்ட நிலத்தில் பாறைகளில் இயற்கையான குழிகள் உண்டு. நம்ம மலைகளில் இருக்கும் சுனை மாதிரி. பழங்குடி மக்கள் அதைப் பலகைக் கல்லால் மூடி வைப்பார்கள், ஆவியாகாது, மிருகமும் விழாது. ஊர்விட்டு ஊர் போகும் வழியே சுனைக்குச் சுனை போகும் வழிதான். வெள்ளைக்காரர்களுக்கு அது தெரியாது. 1896ல் கூல்கார்டியில் இருந்து வடக்கே பாலைவனப் பயணம் போன டேவிட் கார்னகி என்ன செய்தார் தெரியுமா? வழியில் கண்ட பழங்குடியினரைப் பிடித்துக் கட்டினார். மாட்டு உப்புக்கண்டத்தைத் தின்னக் கொடுத்தார். தண்ணீர் கொடுக்கவில்லை. தாகம் தாங்காமல் சுனையைக் காட்டுவார்கள் இல்லையா? நான் கட்டிவிடும் கதை இல்லை, அவரே தன் புத்தகத்தில் எழுதி வைத்தது.

மருத்துவராக இதை ஒரு நிமிஷம் விளக்கணும். ரத்தத்தில் சோடியம் 135 முதல் 145க்குள் இருக்கணும். உப்பைக் கொடுத்துத் தண்ணீரை நிறுத்தினால் அது ஏறும். ஏறின உப்பு செல்களுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கும். மூளைச் செல்களும் சுருங்கும். பதற்றம், குழப்பம், முற்றினால் வலிப்பு, மயக்கம். அந்தத் தாகம் மன உறுதியால் அடக்கக்கூடியது இல்லை. ஐசியூவில் நாங்கள் பயந்து பயந்து சரிசெய்யும் ஒரு நிலையை, வழி கேட்பதற்காக ஒருத்தர் வேணும்னே உண்டாக்கியிருக்கார்.

அப்புறம் முயல் வேலி. கிழக்கே இருந்து படையெடுத்த முயல்களைத் தடுக்க, தென்கடற்கரையில் இருந்து வடமேற்குக் கடற்கரை வரை 1,833 கி.மீ.க்கு ஒரே வேலி. 1907ல் முடிந்தது. முயல்கள் அதுக்கு முன்னாடியே தாண்டிவிட்டன, அது வேற கதை. அளந்து கொடுத்தவர் ஆல்பிரட் கானிங். இதே கானிங் பின்னால் மாட்டுவழி ஒன்றை அளக்கப் போனபோது பழங்குடி வழிகாட்டிகளைச் சங்கிலியில் கட்டியதற்காக 1908ல் விசாரணை நடந்தது. குற்றமில்லை என்று விட்டுவிட்டார்கள்.

வேலியோரத் தடத்தில் ஆரம்பத்தில் சைக்கிளில்தான் ரோந்து போனார்கள். அப்புறம் ஒட்டகம். 1910ல் ஒரு காரை இறக்கிப் பார்த்தார்கள், பஞ்சர் தாங்கவில்லை. கடலில் இருந்து கடல் வரை ஒரே சைக்கிள் பாதை என்றால் அதுதான்.

1931ல் அதே வேலியைப் பிடித்துக்கொண்டு மூன்று சிறுமிகள் நடந்தார்கள். மோலிக்கு வயது சுமார் 14. டெய்சியும் கிரேசியும் இன்னும் சின்னவர்கள். வெள்ளைக்கார அப்பா, பழங்குடி அம்மா என்பதால் அரசாங்கம் பிடித்துக்கொண்டு போய் மூர் ரிவர் முகாமில் அடைத்த பிள்ளைகள். மோலியின் அப்பா இந்த வேலியைப் பராமரித்தவர். அவர்கள் ஊரான ஜிகலாங்கே வேலிக்காக உண்டான இடம். வேலி எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். வெறுங்காலில் சுமார் 1,600 கி.மீ., ஒன்பது வாரம். கிரேசி வழியில் பிடிபட்டாள். மற்ற இருவரும் வீடு சேர்ந்தார்கள்.

மோலி வளர்ந்து தாயான பிறகு, 1940ல் குடல்வால் ஆபரேஷனுக்காகப் பெர்த் கொண்டுபோனார்கள். டிஸ்சார்ஜ் ஆனதும் வீட்டுக்கு அனுப்பவில்லை. இரண்டு மகள்களோடு மறுபடி மூர் ரிவர். 1941ல் அவர் மறுபடியும் தப்பி நடந்தார். இடுப்பில் பதினெட்டு மாதக் குழந்தை அனபெல். நான்கு வயசு டோரிஸையும் சேர்த்துத் தூக்க முடியாது. முகாமிலேயே விட்டுவிட்டுப் போனார்.

அந்த டோரிஸ் பில்கிங்டன்தான் 1996ல் அம்மாவின் முதல் நடையைப் புத்தகமாக எழுதினார். 2002ல் படமாகவும் வந்தது. அனபெலை மூன்று வயதில் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 2004ல் இறக்கும்வரை மோலி அவளைத் திரும்பப் பார்க்கவே இல்லை.